மூன்றாவது சூடேற்றல்

உலோகம் சிவப்பைத் தாண்டி ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. சோதனைக்கூடத்து உலையில் காலையிலிருந்து அதே துண்டை அவள் சூடேற்றுவது இது மூன்றாவது முறை.

துண்டுக்குள் துளையிட்டுச் செருகிய கம்பி, உள்ளே இருக்கும் சூட்டை அப்படியே சொல்லும். உலையின் கண்ணாடிக்கு வெளியே இருந்த மீட்டர், உலோகம் வீசும் ஒளியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும். ஆலையில் இருப்பதும் அதே மாதிரி மீட்டர் மட்டும்தான்.

இரண்டும் ஒத்துப்போனால், மீட்டரில் சூடு ஏறவே இல்லை என்று ஆலையின் உலை ஆபரேட்டர் சொன்னது பொய்.

போன மாதம் ஆலையில், கொக்கியில் தொங்கிய பாளம் சூடு மீறி இளகி விழுந்தது. ஆபரேட்டருக்கு வலது கை வெந்துபோனது. கூட நின்றவர் பிழைக்கவில்லை. வேலையில் தூங்கிவிட்டார் என்று ஆபரேட்டர் மேல் வழக்கு.

காலையில் அவள் வந்தபோதே அவர் சோதனைக்கூடத்தின் வாசலில் நின்றிருந்தார்.

"நான் கண்ணசரவே இல்லீங்க மேடம். மீட்டர் தொள்ளாயிரத்தைத் தாண்டல."

இப்போது கம்பி தொள்ளாயிரத்து எழுபதைத் தொட்டது.

மீட்டரைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தில் நின்ற ஆலை மேலாளர்தான் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"தொள்ளாயிரம்." அவர் குரல் இறங்கிவிட்டது.

மூன்று முறையும் அதே எழுபது டிகிரி வித்தியாசம். போன வருடம் ஆலைக்கு வந்த இந்தப் புதிய கலப்புலோகம், பழையது வீசியதில் பாதி ஒளியைத்தான் வீசுகிறது. மீட்டரோ பழைய கலவை எவ்வளவு ஒளி வீசும் என்ற எண்ணை வைத்துக்கொண்டு, சூட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறது.

மேலாளர் அவள் பக்கம் குனிந்தார். "அறிக்கையில கொஞ்சம் வித்தியாசம்னு மட்டும் போடுங்க. எவ்வளவுன்னு வேண்டாம். இது வெளிய போனா யார் தலை உருளும்னு உங்களுக்கே தெரியும்ல?"

"தெரியும் சார்."

எழுபது என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினாள். பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்தது.

அறிக்கையில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது: 'இந்த உலோகத்துக்கான மீட்டர் எண்ணுக்கு முன்பு சான்று கொடுத்தவர்.'

போன வருடம், ஒரு சனிக்கிழமை மதியம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. பழைய கலவைக்கும் இதற்கும் பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று, துண்டை உலையில் வைக்காமலே பழைய எண்ணை எழுதி, கையெழுத்தும் போட்டாயிற்று.

கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.