வேலிக்கு அந்தப் பக்கம்

விடிந்ததிலிருந்து கொல்லையில் ஒரு ஈ கூட இல்லை. ரோண்டாவுக்கு அதுவே பயமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவின் டிசம்பர் கோடை வெயிலும் சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகளுமாக இருக்கிற அந்த ஊரில், ஈ இல்லாத நாளை அவள் பார்த்ததே இல்லை. நேற்று மாலை வரை வாயைத் திறக்க விடாமல் மொய்த்தன. மகள் கெய்லிக்கு இன்று நிச்சயதார்த்த விருந்து. அடிலெய்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். நேற்று அதை நினைத்து, கொல்லைப்படியில் உட்கார்ந்து அவள் அழுதே விட்டாள்.

"பார்த்தியா, நான் அடிச்ச மருந்தை?" என்றான் கணவன் கிளைவ், கறி சுடும் அடுப்பைத் தேய்த்துக்கொண்டே.

"மருந்துல செத்திருந்தா தரையில கிடக்கணுமே. எங்க கிடக்கு?"

"ஈ இருந்தாலும் அழறே, இல்லைன்னாலும் புலம்பறே."

மேஜை விரிப்பை உதற வேலி ஓரம் போனாள். பலகை இடுக்கு வழியாகப் பக்கத்து வீடு தெரிந்தது. அங்கே தனியாக இருக்கும் கிழவர் மெர்வுடைய சமையலறை ஜன்னல் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு அசைந்தது. அத்தனையும் ஈ.

அப்போது காற்று திரும்பியது. அழுகின வாடை.

"கிளைவ், மெர்வைக் கடைசியா எப்போ பார்த்தே?"

"அந்தக் கிழவனை நான் எதுக்குப் பார்க்கணும்?"

"கொஞ்சம் இங்க வா."

வந்து பார்த்தான். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

மெர்வ் வளர்த்த கோழிகளால்தான் ஈ வருகிறது என்று போன மாதம் நகராட்சியில் புகார் கொடுத்தது அவன்தான். வண்டி வந்து அத்தனை கோழிகளையும் அள்ளிக்கொண்டு போனபோது மெர்வ் வாசலில் நின்று பார்த்தார். மனைவி போன பிறகு அவர் பேசியதெல்லாம் அந்தக் கோழிகளோடுதான்.

"ஏதாவது பண்ணிக்கிட்டாரா?" என்றாள் ரோண்டா.

கிளைவ் தன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மெதுவாகச் சொன்னான்:

"விருந்து முடியட்டும்."

"என்ன?"

"போலீஸ் வரும். தெருவே கூடும். சம்பந்திங்க வந்து இறங்கற நேரத்துல அதெல்லாம் வாசல்ல நிக்கணுமா? அவருக்கு இனிமே என்ன அவசரம்? எல்லாரும் போனப்புறம் போய்த் தட்டலாம்."

உள்ளே கெய்லி ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் ரோண்டா. சொன்ன பிறகுதான், தானா அதைச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

தட்டுகளை வைக்க ஆரம்பித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"கிளைவ், விழுந்து கிடந்தா? காயத்துலயும் ஈ மொய்க்கும். தண்ணி கேட்டுக்கிட்டே கிடந்தா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் வாசல் கேட்டைத் தாண்டிவிட்டாள்.

மெர்வ் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகப் போக வாடை குடலைப் புரட்டியது. ஈக்களின் இரைச்சல் மோட்டார் ஓடுவது போல இருந்தது. முகத்தில் வந்து அப்பின. உதட்டை இறுக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"மெர்வ்."

பதில் இல்லை.

காலியான கோழிக்கூடு திறந்து கிடந்தது. அவள் மறுபடி தட்டினாள். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தபோது உள்ளே ஏதோ உராய்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

"யாரு, ரோண்டாவா? காதுல மெஷின் போடலை கண்ணு. ரொம்ப நேரமா தட்டுறியா?"

மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, மெர்வ் முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஏன் வந்தே? நல்ல உடுப்புல வாடை ஏறிடும்," என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைப்பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, மேலே கை காட்டினார்.

அப்போதுதான் பார்த்தாள். ஜன்னல் மேலே கூரை ஓரம் முழுக்கப் பழைய ஜாடிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் அழுகின ஈரலும் இறால் தலையும். ஜாடி தெரியாமல் ஈ.

"நேத்து நீ அழுதது கேட்டுச்சு. கெய்லி விசேஷமாச்சே. அதான் ராத்திரியே கட்டிவிட்டேன். வேலி ஓரம் கட்டினா உங்களுக்கு நாறும். அதனால என் ஜன்னல்லயே கட்டிட்டேன்."

"நீங்க எப்படி மெர்வ் உள்ள இருப்பீங்க?"

"கதவைச் சாத்திக்கிட்டு இருந்துக்குறேன். ஒரு நாள்தானே. ஜன்னலைச் சாயங்காலம் திறந்தாப் போச்சு."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளைவின் குரல் வந்தது. தயங்கித் தயங்கி, ஆனால் நன்றாகவே கேட்டது.

"என்ன ரோண்டா... போயாச்சா?"

ரோண்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

மெர்வ் கைக்குட்டையை இறக்கிவிட்டு வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"போயாச்சு கிளைவ், எல்லாம் என் பக்கம் வந்தாச்சு. நீ நிம்மதியா விருந்தை நடத்து."