கங்காணி உக்காந்த பலகை

“ஒங்கண்ணன பாரத்துக்கு வச்சிருக்காங்க!”

அண்ணனோட பக்கத்து வீட்டு வீரய்யா போன்ல சொன்னது காளியாயிக்கு மொதல்ல புரியவே இல்ல.

“எதுக்கு வச்சிருக்காங்க?”

“பாரத்துக்குங்கிறேன்! கந்தப்பளை டவுன்ல கஜேந்திரன் பாஸ் இருக்கான்ல, அலுமாரி செய்ற ஆசாரி? அவன் பட்டறையில வளைஞ்ச பலகைய நிமித்துறதுக்கு ஒங்கண்ணன மேல உக்கார வச்சிருக்கான். தெனமும்! மருமகளே கொண்டாந்து விட்டுட்டுப் போகுது.”

அடுப்புல இருந்த சோத்த அப்பிடியே எறக்கி வச்சிட்டு, வலப்பனையில பஸ் ஏறிட்டா காளியாயி. அந்த பஸ்ல ஒரு ஆட்டுக்குட்டி சீட்ல உக்காந்து வர, காளியாயி நின்னுக்கிட்டே வந்தது தனிக் கதை. கண்டக்டரக் கேட்டா, “ஆட்டுக்கும் டிக்கட் எடுத்திருக்காங்கம்மா”ங்கிறான். அது கெடக்கட்டும்.

அண்ணன் அழகுமுத்து லேசுப்பட்ட ஆளா? தேயிலைத் தோட்டத்துக் கங்காணி! காலையில ஆளுகளுக்கு வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துல அவரு ஒரு சத்தம் போட்டா, அடுத்த மலையில கொழுந்து பறிக்கிறவளும் கூடைய நேராக்கிக்குவா. ஒருக்கா அவரு போட்ட சத்தத்துல தொரை வீட்டு நாயே ஓடி வந்து ஆளுகளோட வரிசையில நின்னுச்சு.

அப்பேர்ப்பட்டவருக்கு வயசாயிருச்சுன்னு தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க. மறுநாளும் விடியக்காலையில எந்திரிச்சு, மப்ளரச் சுத்திக்கிட்டு களத்துல போய் நின்னாரு. புதுக் கங்காணிப் பய, “குளிருது, வீட்டுக்குப் போங்க தாத்தா”ன்னான்.

வந்து கம்பிளியப் போத்திக்கிட்டு, செவுத்தப் பாத்துப் படுத்தவருதான். தீவாளிக்கு காளியாயி போனப்பகூட மூஞ்சத் திருப்பல. வச்ச சோத்தத் தொடல. இனி அண்ணன் நமக்கில்லன்னு அழுதுட்டுத்தான் திரும்பி வந்தா.

அப்பிடிக் கெடந்த மனுசனத் தூக்கிக் கல்லுக்குப் பதிலா வச்சிட்டாளே பாவி! அண்ணன் மகன் விஜிதரன் கொழும்புல கடையில நிக்கிறான், கேக்க ஆளில்ல. வேதக்கார மருமக வேணாம்னு அப்பவே சொன்னா யாரு கேட்டா?

பட்டறைக்குள்ள நொழைஞ்சா, வீரய்யா சொன்னது அம்புட்டும் நெசம். ரெண்டு கட்டைக்கு மேல ஒரு சவுக்குப் பலகை, பூனை முதுக வளைச்ச மாதிரி. அந்த முதுகு மேல அண்ணன், கால் மேல கால் போட்டுக்கிட்டு.

“எந்திரிண்ணே! வா வலப்பனைக்கு. கஞ்சியோ தண்ணியோ நான் ஊத்துறேன்.”

“எந்திரிக்கவா? நல்லாருக்கே! நான் எந்திரிச்சா பலகையும் எந்திரிச்சிருமே புள்ள!”

“இந்த ஊர்ல கல்லே இல்லையா?”

“கல்லுக்கு என்னா தெரியும்? எங்க அமுக்கணும், எப்ப நகரணும்னு அதுக்கு ரோசனை இருக்கா? இப்பப் பாரு!” அழகுமுத்து இடுப்ப ஒரு விரக்கடை நகத்தினாரு. “எறங்குது பாத்தியா? ஏய் கஜேந்திரா! பலகைக்கு அடியில ஈரத்துணி காயுது, நனைச்சுப் போடு! என்னா வேல செய்றீங்க எல்லாம்!”

“இந்தா வந்துட்டேங்க கங்காணி ஐயா!” பாஸ் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான்.

பலகை நேரா இல்லாட்டி என்னா ஆகும்னு சிவசாமி வீட்டுல போய்த்தான் கேக்கணும். ஊரு ஈரத்துக்கு அலுமாரிக் கதவு வாயப் பொளந்து, கோழி உள்ள பூந்து, பட்டுச்சேலை மேல முட்டை போட்டு அடைக்கு உக்காந்துருச்சு. குஞ்சு பொரியிற வரைக்கும் சிவசாமி பொஞ்சாதி ஒரு கலியாணத்துக்கும் போகல.

அந்நேரம் மருமக பெற்றீசியா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு வந்தா.

“வாங்க சின்னம்மா, எப்ப வந்தீங்க?”

“ஏன்டி, மாமனார அம்மிக்கல்லுன்னு நெனச்சியா? ஒங்க வேதத்துல இப்பிடித்தான் எழுதியிருக்கா?”

பெற்றீசியா தட்ட நீட்டினா. “மாமா, ரொட்டி.”

“சம்பல்ல காரம் பத்தல”ன்னு திட்டிக்கிட்டே அத்தனை ரொட்டியையும் உள்ள தள்ளினாரு அழகுமுத்து. பாரம் கொறைஞ்சிரக் கூடாதாம்.

“பொழுதுபடட்டும், எங்கண்ணனக் கையோட கூட்டிக்கிட்டுப் போறேன். எவ தடுக்கிறான்னு பாக்குறேன்!” காளியாயி வாசல்லயே குத்த வச்சிட்டா.

சாயங்காலம் பனி எறங்கினதும் அழகுமுத்துவும் எறங்கினாரு. ஒத்தக் கண்ண மூடி, பலகைய இந்த முனையிலயிருந்து அந்த முனை வரைக்கும் பாத்தாரு.

“கோடு போட்ட மாதிரி! இந்த டவுன்ல இருக்கிற அலுமாரியெல்லாம் யாரால நிக்குது? வா புள்ள காளியாயி, பிளேன்டீ குடிப்போம்.”

பெற்றீசியா அவரு கையப் புடிச்சு முன்னால இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.

காளியாயி போகல. பாஸுக்கு நாலு வார்த்தை பாக்கி இருந்துச்சு. திரும்புனா, அவன் அந்தப் பலகைக்கு அடியில, நடுவுல ஒரு கட்டையச் சொருகி, ரெண்டு முனையிலயும் கிளாம்பு மாட்டி முறுக்கிக்கிட்டு இருக்கான். நிமிந்த பலகை கிறீச்சுன்னு முனகிக்கிட்டுத் திரும்பவும் வளையுது.

“அட கிறுக்கா! நாள் பூரா மனுசன் உக்காந்து நிமித்தினத வளைக்கிறியே?”

“மெல்லங்கம்மா, ஐயாவுக்குக் கேட்டுரும்.” பாஸ் கொரலத் தாழ்த்தினான். “அலுமாரிப் பலகையெல்லாம் நான் கிளாம்பு போட்டே நிமித்திருவேன். இது ஐயாவுக்குன்னே வச்சிருக்கிறது. தெனம் அவரு போனதும் வளைச்சு வச்சிருவேன். ஒங்க மருமகதான் வந்து நின்னுச்சு. ‘மாமாவுக்கு ஒரு வேல குடுங்கண்ணே, இல்லாட்டி செத்துருவாரு’ன்னு.”

முன் கடையில அண்ணன், டீயில சீனி பத்தலன்னு யாரையோ அதட்டுறது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

காளியாயி பைய கீழ வச்சா. முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு, பலகையோட மறு முனைய அமுக்கிப் புடிச்சா.

“இன்னுங் கொஞ்சம் முறுக்குப்பா. எங்கண்ணன் கனத்த ஆளு. இம்புட்டு வளைவு மத்தியானத்துக்கே நிமிந்துரும்.”