மூட்டையை யார் தூக்குவது

"நானே தூக்கிக்கிடுதேன். நீங்க குடையை மட்டும் பத்திரமா பிடிச்சிட்டு வாங்க. அது கனமா இருந்தாச் சொல்லுங்க, அதையும் வாங்கிக்கிடுதேன்."

ரேஷன் அரிசி மூட்டையை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றிக்கொண்டே பேராச்சி சொன்னாள். அவள் புருஷன் பிரம்மநாயகம் குடையை இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். தாராவியிலிருந்து மாதுங்கா வரும் வரைக்கும் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதில் இது ஒன்றும் பெரிதில்லை.

டாக்டர் வீட்டு மாடிப்படியில் மறுபடி ஆரம்பித்தாள்.

"மெல்ல ஏறுங்க அத்தான். நின்னு நின்னு ஏறுங்க. இல்லாட்டி அத்தை என்னைக் கொன்னுபோடுவாக."

அவள் எரிச்சலிலும் நியாயம் இருந்தது. பிரம்மநாயகத்தின் தாத்தா பிச்சையா, வண்டியில் மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அப்பா, தாராவித் தோல் கிடங்கில் அதே மாதிரி போனவர், நாற்பதுகூட ஆகவில்லை. அந்த வீட்டு ஆம்பளைகளின் நெஞ்சே அப்படித்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். தாய்க்காரி மகனை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. கடை ஒன்றில் உட்கார்ந்து சீட்டு எழுதுவதுதான் அவன் உத்தியோகம். குழாயடியும் பேராச்சி, ரேஷன் கியூவும் பேராச்சி, ஊராருக்கெல்லாம் மாவாட்டிக் கொடுத்து வயிற்றைக் கழுவுவதும் பேராச்சிதான்.

இப்போது குர்லா ஒர்க் ஷாப்பில் நயினார் என்பவர் அவனுக்கு ஒரு வேலை பிடித்து வைத்திருக்கிறார். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமியார் கூடவே கூடாது என்றாள். ரெண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று, ரேஷனுக்குப் போகிற சாக்கில் புருஷனை இங்கே இழுத்து வந்துவிட்டாள் பேராச்சி.

டாக்டர் மகாதேவன் பிரம்மநாயகத்தின் மார்பிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். குனிந்து நிமிரச் சொல்லி மறுபடி கேட்டார்.

"பேஷா இருக்கு. ஒரு குறையும் இல்லை. ஒர்க் ஷாப் என்ன, கல் உடைக்கவே போகலாம்."

பேராச்சிக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"கேட்டீயளா? கல் உடைக்கலாமாம். கல்யாணம் ஆனதுலேருந்து நான் மாடா உழைக்கேன். நீங்க வெயில் ஏறுனா பாயைப் போட்டுக்கிடுதீய. தாத்தா போனாரு, மாமா போனாருன்னு சொல்லிச் சொல்லியே என் முதுகை..."

பேச்சு பாதியில் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு வாங்கறதே, உட்காருங்கோ" என்றார் டாக்டர்.

"மூட்டை கனம், அதான். எனக்கென்ன கேடு?"

"கையைக் காட்டுங்கோ."

நாடியைப் பிடித்தவர் சீக்கிரம் விடவில்லை. குழாயை எடுத்தார். பேராச்சி கூச்சத்தோடு சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். புருஷனுக்குக் கேட்டதைவிட அதிக நேரம் கேட்டார் டாக்டர். அவர் முகத்தில் சற்று முன் இருந்த சிரிப்பைக் காணோம்.

"அடிக்கடி இப்படி வருமோ?"

"மாவாட்டுனா வரும். ஆருக்குத்தான் வராது?"

"உங்க பொறந்தாத்துல யாருக்காவது நெஞ்சுக் கோளாறு உண்டா?"

பேராச்சிக்கு எரிச்சல் திரும்பிவிட்டது.

"அதெல்லாம் இவுக வீட்டு ஆம்பளைகளுக்குத்தான் டாக்டர். எங்க அய்யா வழியில அத்தனை பேரும் எழுபதைத் தாண்டுனவுக."

"அம்மா வழியில?"

"அம்மை நான் சின்னப்புள்ளையா இருக்கையிலயே போயிட்டா. தண்ணிக் குடத்தோட கிணத்தடியில விழுந்தா. வெயிலுன்னு சொன்னாக..."

பிரம்மநாயகம் எழுந்தான். மூலையில் கிடந்த அரிசி மூட்டையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"அவ அம்மையும் எங்க அய்யாவும் கூடப்பொறந்தவங்க, டாக்டர்."