கஞ்சிக் கலகம்

"மேடையில யூனியன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, திங்கட்கிழமை நீ மறுபடியும் உலைக்குத்தான் போகணும், ராமப்பா."

பர்சனல் மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாதி ஆயுசை உலை முன்னால் வேகவைத்தவன் ராமப்பன். முழங்கை வரைக்கும் இரும்புப் பொறி தெறித்த தழும்புகள். வெல்ஃபேர் சூப்பர்வைசர் என்று வெள்ளைச் சட்டை மாட்டி இன்னும் வருஷம் திரும்பவில்லை. இருமாமல் தூங்குவதே இப்போதுதான்.

ஓசூரில் லாரி, டிராக்டர்களுக்கு இரும்பு வார்க்கிற கம்பெனி அது. ஆயுத பூஜைக்காக உலையை அணைத்து, மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, மூன்று ஷிப்ட் ஆட்களும் ஒன்றாக உட்காரும் ஒரே நாள். சாயங்காலம் தொழிலாளிகளே நாடகம் போடுவார்கள். இந்த வருஷம் அதை நிறுத்திவிடத்தான் மேனேஜர் பார்த்தார். இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியதிலிருந்து கம்பெனிக்குள் புகைச்சல். வளாகத்துக்குள் யாரும் கூட்டம் போடக் கூடாது என்று உத்தரவு. யூனியன்காரர்கள் வெளியே ஜூஜுவாடிப் பக்கம் போடலாம் என்றால் போலீஸ் அனுமதி கொடுக்கவில்லை.

நாடகத்தையும் நிறுத்தினால் வம்பு முற்றும் என்று மேனேஜரிடம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கியவன் ராமப்பன்தான். கதையும் சாதுவான கதை. முதியோர் இல்லத்துக் கிழடுகள் கஞ்சி சரியில்லை என்று வார்டனோடு மல்லுக்கு நிற்கிற சிரிப்பு நாடகம். படித்துப் பார்த்த மேனேஜரே சிரித்துவிட்டார்.

இருந்தாலும் பயம் விடவில்லை. மேடை ஓரத்தில், மைக் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றான்.

"என்னண்ணா, சுவிட்ச்ச புதுப் பொண்டாட்டி கையாட்டம் புடிச்சினு நிக்கறீங்க?" கிழவர்களின் தலைவன் வேஷத்தில் கங்கப்பன் வந்து நின்றான். வார்ப்பு அச்சுப் பிடிக்கிற இடத்தில் வேலை. நீக்கப்பட்டவர்களில் ஒருவன் இவன் தம்பி.

"டேய், ஒத்திகைல பேசினதுக்கு மேல ஒரு சொல்லு வரக் கூடாது. எம் புள்ளைங்க சோறு இதுல இருக்குது."

"உங்க வயித்துல அடிப்பனாண்ணா?" தடியை ஊன்றிக் கூன் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனான்.

நாடகம் சூடு பிடித்தது. வார்டன் வேஷக்காரன், "ஊட்டா ஆய்த்தா, அஜ்ஜி?" என்று கன்னடத்தில் குசலம் விசாரித்தான்.

பாட்டி வேஷத்தில் சேலை கட்டிய திம்மராயன் இடுப்பில் கை வைத்தான். "சாப்பாடு ஆச்சான்னு வேற கேக்கறியா? இது கஞ்சியாடா, கை அலம்பின தண்ணிடா! எங்கூரு எருமைக்கு ஊத்தினா ஊத்தினவன முட்டும்!"

பந்தலே குலுங்கியது. ராமப்பன் மட்டும் சிரிக்கவில்லை. உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது கெடக்கட்டும்," என்றான் திம்மராயன். "நேத்து ரெண்டு பேர வெளிய தொரத்தினியே, அவங்க என்னடா பாவம் பண்ணாங்க?"

ஒத்திகையில் இல்லாத வரி. கூட்டம் சட்டென்று அடங்கியது. மேனேஜர் திரும்பி ராமப்பனைப் பார்த்தார். அவன் விரல் சுவிட்சை அழுத்தப் போனது.

"நம்ம ரெண்டு பூனைங்கடா!" என்று முடித்தான் திம்மராயன். "எலி புடிக்கிற வேலைய ஒழுங்காத்தானே பாத்தினு இருந்துச்சுங்க!"

பந்தல் வெடித்தது. மேனேஜரும் அரை மனதாகச் சிரித்தார். ராமப்பனுக்குப் போன உயிர் பாதிதான் திரும்பியது. இன்னும் கடைசிக் காட்சி இருக்கிறது.

கங்கப்பன் மேடை நுனிக்கு வந்து தடியால் தட்டினான். "கெழவன் கெழவிங்களே, கேளுங்க! திங்கட்கெழம காலைல மணி அடிச்சாலும் ஒரு ஆளும் உள்ள போவக் கூடாது. சம்மதம்னா கையத் தூக்குங்க!"

மேடையில் நடுங்கும் கைகள் எழுந்தன. அவன் கூட்டத்தைப் பார்த்தான். "நீங்களும் சொல்லுங்க சாமிங்களா! கெழடுங்க பக்கம் யாரு?"

உலைக்காரன், கிரேன்காரன், கேன்டீன்காரன் என்று பந்தல் முழுக்கக் கைகள்.

"வேணாங்கறவங்க?"

வார்டன் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்க, திம்மராயன் அதைத் தட்டிவிட்டான். மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, கிழவர்கள் பக்கம் கையைத் தூக்கினார்.

எல்லாம் ஒத்திகையில் கேட்ட வரிகள்தான். அந்த வார்த்தை வரவே இல்லை. ராமப்பன் சுவிட்சை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"பிரமாதம், ராமப்பா!" மேனேஜர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

திங்கட்கிழமை காலை சங்கு ஊதியது. ஒருவனும் உள்ளே வரவில்லை. ராமப்பன் கேட்டுக்கு ஓடினான். மொத்த ஆட்களும் ரோட்டோரம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய் கங்கப்பா, என்னடா இது? எல்லாரையும் கூட்டி ஓட்டெடுக்காம ஸ்ட்ரைக் பண்ணா செல்லாதுன்னு உங்க சங்கத்துலயே சட்டம் இருக்குதேடா! எங்கடா கூடினீங்க, எப்படா ஓட்டெடுத்தீங்க?"

பின்னால் மேனேஜர் காரின் ஹாரன் அலறியது.

கங்கப்பன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "பூஜை அன்னிக்கு மூணு ஷிப்டும் கூடியிருக்கறப்ப உங்க மைக்குலதானேண்ணா எடுத்தோம்? எதுத்து ஒரு கை இல்ல. நீங்களும் மேனேஜரும் தூக்கினத மட்டும் நாங்க சேத்துக்கல, நீங்க ரெண்டு பேரும் நிர்வாகமாச்சே!"