ஹீட்டர் விசிறிக்குள் திருநீறு

கோத்தகிரிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் காலையில் வண்டி எடுக்க முடியாது. கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொள்ளும். பூங்கோதையின் பழைய காரில் இரண்டு மாதமாக அந்த ஹீட்டர் விசிறி கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் நஞ்சுண்டன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார்.

"கரண்ட் சரியா வருதும்மா. மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. உள்ள என்னமோ விழுந்திருக்கு."

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து விசிறியைக் கழற்றினார். இறக்கைகளிலிருந்து அவருடைய உள்ளங்கையில் வெளிறிய சாம்பல் கொட்டியது.

"அட, திருநீறு! கோயில் பொட்டலத்த முன்னாடி வச்சிருப்பீங்க. கண்ணாடியோரத்து ஓட்டை வழியா இறங்கிருக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மிச்சத்தைக் காகிதத்தில் ஏந்தி அவளிடம் நீட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன் கணவனின் அஸ்தியைக் கரைக்க அவள் தனியாகத்தான் பவானிக்கு ஓட்டிப் போனாள். பாதையைப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று முன்கண்ணாடியோரம் வைத்திருந்த கலயம், மலை இறக்கத்தில் ஒரு வளைவில் சாய்ந்தது. கைக்கு வந்ததை அள்ளிப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

"எந்தக் கோயில்ம்மா?"

அவள் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அவர் ஏர் பைப்பை எடுத்தார்.

"உள்ள இன்னும் ஒட்டிட்டிருக்கு. ஒருக்கா காத்தடிச்சு விட்டா சுத்தமாயிரும். அப்புறம் சத்தமே வராது."

பூங்கோதை விசிறியின் மேல் கையை வைத்து மூடினாள்.

"சத்தம் வரட்டும்ண்ணா. அப்படியே மாட்டிருங்க."