முட்டைத் திருடன்

அந்த ஆள் மறுபடியும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

டீச்சர் கையிலிருந்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டி வந்தாலே பாதி உயிர் போய்விடும். இதில் இது வேறு.

மீன் அறையில் தூணுக்குப் பின்னால் நின்றான். யானை அறையில் யானைக்குப் பின்னால் நின்றான். ஒல்லி உடம்பு, கூன் முதுகு, நீண்ட கழுத்து. டீச்சர் திரும்பினால் தலையைக் குனிந்துகொள்வான்.

"ஆமை! சீக்கிரம் வாம்மா! உன்னால எல்லாருக்கும் லேட்டாகுது!"

ஆமை என்பது வகுப்பு வைத்த பெயர். இடது காலில் இரும்புப் பட்டை மாட்டிய பெண், எங்கே போனாலும் கடைசியில்தான் வருவாள். டீச்சருக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது. பாசமாகத்தான், வேறென்ன!

அவளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், அவன்.

அடுத்தது டைனோசர் கூடம். வெளியே மழை கொட்டியதில் பகலே இருட்டிக் கிடந்தது. பிள்ளைகளின் சேற்றுக்கால் தரையெல்லாம் பதிந்தது. டீச்சரின் குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் டக் டக்கென்று ஒலித்தது. கூரை விட்டத்தில் எதுவோ அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருந்தது.

"பயப்படாதீங்க, புறாதான்" என்றாள் கைடு பெண். "டைனோசர் மொத்தமா அழிஞ்சு போகல, தெரியுமா? அதுல ஒரு வகையோட வம்சம்தான் பறவைங்க. இந்தக் கால் எலும்பைப் பாருங்க, அப்படியே கோழிக்கால் மாதிரி இல்ல? மேல உக்காந்திருக்கே புறா, அதுவும் அந்தக் குடும்பம்தான்."

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். விட்டத்திலிருந்து சிவப்புக் கண்கள் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தன. ஒருத்தன் டீச்சரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"இது என்னக்கா?"

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு எலும்புக்கூடு குந்தியிருந்தது. இரண்டு கையையும் அகல விரித்து, கல்லாகிப் போன முட்டைகளின் மேல் கவிழ்ந்திருந்தது.

"இதுக்குப் பேரு முட்டைத் திருடன். முட்டை மேல கிடந்துச்சா, திருட வந்த இடத்துல செத்துடுச்சுன்னு பேர் வச்சுட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுதான், அந்த மாதிரி முட்டைக்குள்ள இதோட இனத்துக் குஞ்சே இருந்தது தெரிஞ்சுது. இது திருட வரல, கோழி மாதிரி அடைகாத்திருக்கு. மணல் வந்து மூடினப்பகூட எழுந்து ஓடல."

"அப்போ பேரை மாத்தலையா?" கேட்டது ஆமை.

"வச்ச பேரு வச்சதுதான்."

இப்படி ஒரு வாய்ப்பை டீச்சர் விடுவாரா? "கேட்டீங்களா பசங்களா? ஒருத்தரைப் பாத்த உடனே தப்பா நினைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் இன்னும் நெருங்கியிருந்தான். 'வெளியே போனதும் முதல் வேலையா இவனைப் பத்திப் புகார் பண்ணணும்.'

அப்போதுதான் இடி விழுந்தது. எல்லா விளக்கும் அணைந்தது.

மேலே படபடவென்று சிறகுகள். கூடம் முழுக்கச் சிறகுகள். முகத்துக்கு நேரே காற்று வீசியது.

"உயிர் வந்துடுச்சு!" எவனோ ஒருத்தன் அலறினான்.

அது போதாதா? மொத்தக் கூட்டமும் வாசலைப் பார்த்து ஓடியது. டீச்சரும் ஓடினார். பிள்ளைகளைப் பிடிக்கத்தான் ஓடினேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்; அந்த நேரத்தில் ஓடினார், அவ்வளவுதான். காலுக்கடியில் ஏதோ மெத்தென்று மிதிபட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அசைந்தது. வீலென்று கத்தி, அதை மிதித்துத் தாண்டி வாசலுக்கு வந்து விழுந்தார்.

விளக்கு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் வாசலில் குவிந்திருந்தார்கள், ஆமையைத் தவிர.

கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், அவன் குந்தியிருந்தான். இரண்டு கையையும் அகல ஊன்றித் தரையோடு கவிழ்ந்திருந்தான். அவனுக்கு அடியிலிருந்து இரும்புப் பட்டை போட்ட ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளை பிடிக்கிறவன்! விடுடா அவளை!"

டீச்சரின் குடை அவன் தோளில் இறங்கியது. அவன் நகரவில்லை. மறுபடியும் இறங்கியது. அப்போதும் நகரவில்லை.

"ஐயோ, அடிக்காதீங்க டீச்சர்!" கைடு பெண் ஓடி வந்து குடையைப் பிடித்தாள். "அவர் எங்க ஆளு! இங்க எலும்பெல்லாம் துடைக்கிறவரு!"

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"பாப்பா பின்தங்கிக்கிட்டே இருந்துச்சும்மா, எங்கயாவது விட்டுப்போயிடுமேன்னு கூடவே வந்தேன். இருட்டுல விழுந்துடுச்சு..." மூச்சு வாங்கியது. "எல்லாரும் ஓடி முடிச்சாச்சுங்களா? நான் எழுந்திரிக்கலாமா?"

கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடியிலிருந்து வெளியே வந்த குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவருடைய வெளுத்த சட்டையின் முதுகு முழுக்கச் சேறு. சின்னச் சின்னச் செருப்புத் தடங்கள். அவற்றுக்கு நடுவில், கழுத்துக்குக் கீழே, ஒரே ஒரு பெரிய தடம். குதிகால் குத்திய இடத்தில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது.

பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள்.

டீச்சர் மெதுவாகத் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.