பதினெட்டுப் படிகள்

ஊரெல்லாம் சாய்தளம் கட்டுவது சிரமம் என்பதால், சக்கர நாற்காலியில் இருக்கும் செண்பகவல்லிக்கு அரசு ஒரு பதிலாள் இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்திருந்தது. அதற்கு அவள் முகம், அவள் குரல். கால்கள் மட்டும் நல்ல கால்கள். அவள் தங்கை கல்யாணத்துக்கு அதுதான் போய், முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டது. பயனாளி சமூகத்தோடு இணைந்துவிட்டார் என்று துறை அறிக்கை எழுதிக்கொண்டது. செண்பகவல்லி வீட்டில் தனியாக இருந்தாள்.

'நானே வெளியே போக வேண்டும், சாய்தளம் கட்டிக்கொடுங்கள்' என்று மனு எழுதினாள். எம்.எல்.ஏ. அலுவலகம் மாடியில் இருந்ததால், அதைக் கொடுக்கவும் இயந்திரத்தையே அனுப்ப வேண்டியதாயிற்று.

அங்கே அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எம்.எல்.ஏ. அதன் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். போட்டோ சரியாக விழாததால் இன்னொரு முறையும் கலங்கினார்.

மறுவாரம் அவருடைய உதவியாளர் போன் செய்தார்.

"மேடம், உங்க மனு தள்ளுபடி ஆயிடுச்சு. பதினெட்டுப் படியையும் மூச்சு வாங்காம ஏறியிருக்கீங்க. கேமராவுல இருக்கு."

"ஏறினது நான் இல்லைங்க. நீங்க குடுத்த மெஷினு."

"சட்டப்படி அதுவும் நீங்கதான் மேடம். உங்க ஊனச் சான்றிதழையும் ரத்து பண்ணிட்டாங்க."

"மேல்முறையீடு பண்ணலாமா?"

"தாராளமா. ஆனா மெஷினை அனுப்பக் கூடாது, நீங்களே நேர்ல வரணும். அப்பீல் ஆபீஸ் மூணாவது மாடி."

செண்பகவல்லி வாயைத் திறப்பதற்குள், பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்த இயந்திரம் அவள் குரலிலேயே சொன்னது:

"ரொம்ப நன்றிங்க சார்."